காற்றுள்ள நொதித்தலில் தேவையற்ற துணைவிளைபொருள்கள்

காற்றுள்ள நொதித்தலில் தேவையற்ற துணைவிளைபொருள் உருவாதல் என்பது, ஆக்சிஜன் கொடுத்துப் பாக்டீரியாக்களை வளர்க்கும் தொழில்முறைகளில், நாம் விரும்பும் பொருளோடு விரும்பாத பொருள்களும் சேர்ந்து உண்டாவதைக் குறிக்கும். இவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்டது எசரிக்கியா கோலை என்னும் பாக்டீரியா வெளியேற்றும் அசிட்டேட் ஆகும். வினிகரின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலம் நீரில் அயனியாகப் பிரிந்த வடிவமே அசிட்டேட்.

ஆக்சிஜன் இருந்தால் குளுக்கோஸ் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் சிதையும் என்றும், ஆக்சிஜன் இல்லாவிட்டால் அமிலமோ ஆல்கஹாலோ உண்டாகும் என்றும் பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். தொடக்க நிலைக்கு இது போதுமான பாடம்தான். ஆனால் போதுமான ஆக்சிஜன் இருக்கும்போதும் எசரிக்கியா கோலை அமிலத்தை வெளியேற்றுகிறது. அது ஏன், அதனால் என்ன கெடுகிறது, அதை எப்படித் தடுக்கிறார்கள் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நொதித்தல் என்ற சொல்லின் இரு பொருள்கள்

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். உயிர்வேதியியலில் நொதித்தல் என்பது ஆக்சிஜனைப் பயன்படுத்தாமல் சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெறும் முறையாகும். இட்லி மாவு புளிப்பது இதற்கு எடுத்துக்காட்டு. தொழில்துறையிலோ, பெரிய கலனில் நுண்ணுயிரிகளை வளர்த்து ஒரு பொருளை உண்டாக்கும் எந்த முறையையும் நொதித்தல் என்றே அழைக்கின்றனர். அங்கே காற்று செலுத்தப்பட்டாலும் பெயர் மாறுவதில்லை. காற்றுள்ள நொதித்தல் என்னும் தொடர் இந்த இரண்டாம் பொருளில்தான் வருகிறது. அக்கலன் நொதிகலன் எனப்படும்.

எசரிக்கியா கோலையும் மருந்து உற்பத்தியும்

எசரிக்கியா கோலையை 1885-இல் தியோடர் எஷெரிச் என்னும் குழந்தை மருத்துவர், குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தபோது கண்டறிந்தார். பின்னர் அவர் பெயரே இதற்கு வைக்கப்பட்டது. 37 பாகை செல்சியசில் சத்து மிகுந்த ஊடகத்தில் இது ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மலிவான ஊடகத்தில் வளரும். இதன் மரபியலும் நன்கு அறியப்பட்டது. அதனால் மறுசேர்க்கை டி.என்.ஏ. தொழில்நுட்பம் பிறந்தபோது அதன் முதல் உழைப்பாளியாக இது அமைந்தது.

முன்பு நீரிழிவு நோயாளிகளுக்கான இன்சுலின் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1978-இல் அமெரிக்காவில் மனித இன்சுலினின் இரு சங்கிலிகளும் எசரிக்கியா கோலையில் தனித்தனியே உண்டாக்கப்பட்டு இணைக்கப்பட்டன. அவ்வழியில் தயாரான மனித இன்சுலின் 1982-இல் அந்நாட்டில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. புற்றுநோய் மருத்துவத்தின்போது குறையும் வெள்ளணுக்களைப் பெருக்க உதவும் ஃபில்கிராஸ்டிம் என்னும் புரத மருந்தும் இதே பாக்டீரியாவில்தான் உருவாக்கப்படுகிறது.

இத்தகைய உற்பத்தியில் ஒரு லிட்டர் ஊடகத்திலிருந்து எவ்வளவு புரதம் கிடைக்கிறது என்பதே செலவைத் தீர்மானிக்கும் முக்கியக் காரணிகளுள் ஒன்று. புரதம் செல்லுக்குள் உண்டாவதால், செல்கள் அடர்த்தியாக வளர வேண்டும். அந்த அடர்த்தியை எட்டவிடாமல் நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் அசிட்டேட்தான்.

அசிட்டேட் உருவாகும் வழி

செல்லுக்குள் நுழையும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு சர்க்கரைச் சிதைவு வழியில் இரண்டு பைருவேட்டாக மாறுகிறது. ஒவ்வொரு பைருவேட்டும் ஒரு கார்பன் டை ஆக்சைடை இழந்து அசிட்டைல் துணைநொதி ஏ ஆகிறது. இவ்விடம் ஒரு நாற்சந்தி போன்றது. இங்கிருந்து கார்பன் செல்லக்கூடிய முக்கிய வழிகள் மூன்று:

1. சிட்ரிக் அமிலச் சுழற்சியில் நுழைந்து முழுவதும் ஆக்சிஜனேற்றம் அடைவது. அங்கே கிடைக்கும் எலக்ட்ரான்கள் சுவாசச் சங்கிலி வழியாக ஆக்சிஜனை அடைகின்றன.
2. கொழுப்பு அமிலங்கள் முதலிய செல் பொருள்களாக மாறுவது.
3. பாஸ்போடிரான்ஸ்அசிட்டைலேஸ், அசிட்டேட் கைனேஸ் என்னும் இரு நொதிகளின் வழியாக அசிட்டேட்டாகி வெளியேறுவது. இதில் அசிட்டேட் மூலக்கூறு ஒன்றுக்கு ஓர் ஏ.டி.பி. கிடைக்கும்.

இவை தவிர, பைருவேட் ஆக்சிடேஸ் என்னும் நொதி பைருவேட்டை நேரடியாகவே அசிட்டேட்டாக மாற்றவல்லது. வளர்ச்சி தளரும் கட்டத்தில் இவ்வழி முதன்மை பெறுகிறது.

கணக்கு எளிது. 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் மூன்றாம் வழியில் சென்றால் 120 கிராம் அசிட்டிக் அமிலம் உண்டாகும். ஆறு கார்பன்களில் நான்கு, அதாவது மூன்றில் இரண்டு பங்கு, செல்லுக்கும் பொருளுக்கும் பயன்படாமல் வெளியேறிவிடும்.

இரு வேறு சூழ்நிலைகள்

நொதிகலனில் அமிலம் சேர்ந்தால் அதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாகவோ, இரண்டும் சேர்ந்தோ இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவது முக்கியம். ஏனெனில் தீர்வுகள் வேறு வேறு.

முதலாவது, ஆக்சிஜன் பற்றாக்குறை. ஆக்சிஜன் நீரில் மிகக் குறைவாகவே கரையும். காற்றோடு தொடர்பில் உள்ள ஒரு லிட்டர் நீரில் 37 பாகையில் சுமார் 7 மில்லிகிராம்தான் இருக்கும். ஆனால் ஒரு கிராம் குளுக்கோசை முழுவதும் ஆக்சிஜனேற்றம் செய்ய 1.07 கிராம் ஆக்சிஜன் வேண்டும். இது அந்த லிட்டரில் கரைந்திருப்பதைப் போல் சுமார் 150 மடங்கு. ஆகவே காற்றைக் குமிழ்களாக இடைவிடாமல் செலுத்திக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். செல்களின் தேவை இந்த வரத்தை மிஞ்சினால், எசரிக்கியா கோலை காற்றில்லா முறைக்கு மாறி அசிட்டேட்டுடன் ஃபார்மேட், லாக்டேட், எத்தனால், சக்சினேட் ஆகியவற்றையும் வெளியேற்றும். இதற்குக் கலப்பு அமில நொதித்தல் என்று பெயர்.

இரண்டாவது, மிகைவழிதல் வளர்சிதைமாற்றம். இங்கே ஆக்சிஜன் போதுமான அளவில் இருக்கிறது. கலனில் பொருத்திய உணர்வியும் அதையே காட்டுகிறது. ஆயினும் குளுக்கோஸ் அபரிமிதமாகக் கிடைத்து, வளர்ச்சி வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் அசிட்டேட் வெளிவரத் தொடங்குகிறது. இந்த எல்லை பாக்டீரியாவின் இனவகைக்கும் ஊடகத்துக்கும் ஏற்ப மாறும். எல்லைக்குக் கீழே வளரும்போது அசிட்டேட் ஏறக்குறைய வெளிவருவதே இல்லை.

மிகைவழிதல் எசரிக்கியா கோலைக்கு மட்டும் உரியதன்று. புற்றுநோய்ச் செல்கள் ஆக்சிஜன் இருக்கும்போதே லாக்டிக் அமிலத்தை வெளியிடுவதை ஓட்டோ வார்பர்க் 1920-களில் கண்டார். ரொட்டி தயாரிக்கப் பயன்படும் ஈஸ்ட், சர்க்கரை மிகுந்தால் காற்று இருந்தும் எத்தனாலை உண்டாக்கும். இது கிராப்டிரீ விளைவு எனப்படுகிறது.

காற்று இருந்தும் ஏன் வீணாக்குகிறது?

முழுச் சுவாசத்தில் குளுக்கோசிலிருந்து கிடைக்கும் ஆற்றல், அசிட்டேட்டோடு நிறுத்திக்கொள்வதில் கிடைப்பதைப் போல் இரு மடங்குக்கு மேல். அப்படியிருக்க, பாக்டீரியா ஏன் குறைந்த ஆதாயமுள்ள வழியைத் தேர்கிறது? சிட்ரிக் அமிலச் சுழற்சியின் கொள்ளளவு போதாமல் மீதி வழிந்துவிடுகிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. மிகைவழிதல் என்ற பெயரும் அப்படி வந்ததே. ஆனால் அந்தக் கொள்ளளவைச் செல் ஏன் பெருக்கிக்கொள்ளவில்லை என்பதற்கு அவ்விளக்கத்தில் விடை இல்லை.

அமெரிக்காவின் சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டெரன்ஸ் ஹ்வா குழுவினர் 2015-இல் நேச்சர் இதழில் ஒரு விளக்கத்தை வெளியிட்டனர். செல்லில் உள்ள மொத்தப் புரதம் ஒரு வரவுசெலவுத் திட்டம் போன்றது. விரைவாக வளர வேண்டுமானால், புரதம் கட்டும் ரைபோசோம்களுக்கு அதில் பெரும்பங்கு வேண்டும். சுவாச வழிக்குத் தேவைப்படும் நொதிகளும் சவ்வுப் புரதங்களும் அதிகம். அதே அளவு ஆற்றலை அசிட்டேட் வழியில் பெற, குறைந்த புரதமே போதும். குளுக்கோஸ்தான் கூடுதலாகச் செலவாகும். குளுக்கோஸ் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும்போது செல் புரதத்தை மிச்சப்படுத்திச் சர்க்கரையை வீணாக்குகிறது.

கல்யாண வீட்டுச் சமையலோடு இதை ஒப்பிடலாம். அன்றாடம் வீட்டில் வடித்த கஞ்சியைக்கூட எடுத்து வைப்பார்கள். ஆயிரம் பேருக்குப் பந்தி நடக்கும் நாளில் கஞ்சி வாய்க்காலுக்குப் போகும். அரிசி நிறைய இருக்கிறது, ஆள்தான் போதவில்லை.

அக்குழுவினர் இதைச் சோதித்தும் பார்த்தனர். செல்லுக்குப் பயனில்லாத ஒரு புரதத்தை வலிந்து உண்டாக்கச் செய்தபோது, மெதுவாக வளரும் நிலையிலேயே அசிட்டேட் வெளிவரத் தொடங்கியது. மருந்துத் தொழிலுக்கு இது நேரடியாகப் பொருந்தும். நமக்கு உயிர்காக்கும் இன்சுலின், பாக்டீரியாவைப் பொறுத்தவரை பயனில்லாத சுமையே. அதைச் செய்யத் தூண்டும்போது அசிட்டேட் கூடும் வாய்ப்பும் சேர்ந்தே வருகிறது. செல்சவ்வில் சுவாசப் புரதங்களுக்கும் குளுக்கோசை உள்ளே கொண்டுவரும் புரதங்களுக்கும் இடம் போதாமையே காரணம் என்னும் மற்றொரு விளக்கமும் உண்டு. இரண்டும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றன: செல்லின் வளம் அளவுக்கு உட்பட்டது, அதைப் பங்கிடும் முறையின் விளைவே அசிட்டேட்.

அசிட்டேட்டால் வரும் கேடுகள்

கார்பன் வீணாவது முதல் இழப்பு. அதைவிடப் பெரியது செல்லுக்கு நேரும் பாதிப்பு. அசிட்டிக் அமிலம் ஒரு வலிமை குறைந்த அமிலம். அதன் பிரியாத மூலக்கூறுகள் செல்சவ்வை எளிதில் கடக்கும். உள்ளே நடுநிலையான சூழலில் அவை பிரிந்து ஹைட்ரஜன் அயனியை விடுவிக்கின்றன. செல்லின் உட்பகுதி அமிலத்தன்மை அடைவதால், அந்த அயனிகளை வெளியேற்ற ஆற்றல் செலவாகிறது. உள்ளே தங்கும் அசிட்டேட் அயனியும் தனியே தீங்கு செய்கிறது. குறிப்பாக மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் உண்டாவதைத் தடுத்து வளர்ச்சியைக் குறைக்கிறது.

இதனால் ஊடகத்தின் பி.எச். மதிப்பு முக்கியமாகிறது. அசிட்டிக் அமிலத்தின் பி.கே.ஏ. மதிப்பு 4.76. பி.எச். 7-இல் சுமார் 0.6 விழுக்காடு மட்டுமே பிரியாத நிலையில் இருக்கும். பி.எச். 6-இல் அது 5 விழுக்காட்டைத் தாண்டிவிடும். மொத்த அசிட்டேட் மாறாவிட்டாலும் சவ்வைக் கடக்கக்கூடிய பகுதி ஏறக்குறைய ஒன்பது மடங்காகிறது. நொதிகலனில் அம்மோனியா சேர்த்து பி.எச். மதிப்பை 7-ஐ ஒட்டியே வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அம்மோனியா செல்களுக்கு நைட்ரஜன் உணவாகவும் பயன்படும்.

அப்படி வைத்திருந்தாலும், லிட்டருக்கு ஒரு சில கிராம் அசிட்டேட் சேர்ந்தாலே வளர்ச்சியும் புரத உற்பத்தியும் குறையத் தொடங்குகின்றன.

தடுக்கும் முறைகள்

உணவை அளந்து கொடுத்தல்: நடைமுறையில் மிகவும் பயன்படும் முறை இதுவே. எல்லாச் சர்க்கரையையும் தொடக்கத்திலேயே கொட்டிவிடாமல், செல்கள் பெருகப் பெருக அளவாகச் செலுத்துவார்கள். இது ஊட்டத்தொகுதி முறை எனப்படும். பாக்டீரியா வளர்ச்சி வேக எல்லையைத் தாண்ட முடியாதபடி சர்க்கரையே கடிவாளம் ஆகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கலனில் 10 கிராம் செல்கள் (உலர் எடை) உள்ளன. வளர்ச்சி வேகத்தை மணிக்கு 0.15 என்ற அளவில் வைக்க விரும்புகிறோம். ஒரு கிராம் குளுக்கோசிலிருந்து அரைக் கிராம் செல் கிடைப்பதாகக் கொள்வோம். அப்போது மணிக்கு 1.5 கிராம் என்ற வீதத்தில் புதிய செல் உருவாக வேண்டும். அதற்கு மணிக்கு 3 கிராம் குளுக்கோஸ் வேண்டும். இந்த வேகத்தில் செல்கள் இரட்டிக்க 0.693-ஐ 0.15-ஆல் வகுத்தால் வரும் 4.6 மணி நேரம் ஆகும். 20 கிராம் செல்கள் ஆனதும் மணிக்கு 6 கிராம் குளுக்கோஸ் தேவை. இவ்வாறு ஊட்டமும் அடுக்கேற்ற முறையில் கூடிக்கொண்டே போகும். இம்முறையில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் உலர் எடையுள்ள செல் அடர்த்தியை எட்டியிருக்கிறார்கள்.

கலனே தரும் குறிப்புகள்: சர்க்கரை தீர்ந்தவுடன் செல்களின் சுவாசம் தளர்வதால் கரைந்த ஆக்சிஜனின் அளவு சட்டென ஏறும். பி.எச். மதிப்பும் உயரும். இந்த அடையாளங்களைக் கணினி கவனித்து, அடுத்த தவணை ஊட்டத்தைத் தானே செலுத்துமாறு அமைக்கலாம்.

இனவகையைத் தேர்தல்: எசரிக்கியா கோலையின் பி வகையைச் சேர்ந்த பி.எல்.21 என்னும் இனம், கே-12 வகையைச் சேர்ந்த பல இனங்களைவிடக் குறைவாகவே அசிட்டேட்டைச் சேர்க்கிறது. குளுக்கோஸ் மிகுந்த நிலையிலும் அதில் கிளைஆக்சைலேட் குறுக்குவழி இயங்குவது இதற்கு ஒரு காரணமாகக் காட்டப்படுகிறது. புரத உற்பத்தி ஆய்வகங்களில் பி.எல்.21 பரவலாகப் பயன்படுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

உணவை மாற்றுதல்: குளுக்கோசுக்குப் பதில் கிளிசரால் கொடுத்தால் செல் அதை மெதுவாகவே உள்ளெடுக்கும், அசிட்டேட்டும் குறையும். வளர்ச்சி சற்றுத் தாமதமாவதே அதற்குக் கொடுக்கும் விலை.

மரபணு மாற்றம்: அசிட்டேட் வழியின் நொதிகளுக்கான மரபணுக்களை நீக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். அவ்வாறு செய்தபோது அசிட்டேட் குறைந்தது. ஆனால் பைருவேட்டும் லாக்டேட்டும் வெளிவரத் தொடங்கின. நாற்சந்தியில் ஒரு சாலையை மட்டும் அடைத்தால், வண்டிகள் அடுத்த சாலையில் திரும்புவது போன்றது இது. குளுக்கோஸ் உள்ளே வரும் வேகத்தைக் குறைப்பது இதைவிட நல்ல பலன் தந்தது. பைருவேட்டை, தீங்கு குறைந்த அசிட்டோயினாக மாற்றும் நொதியை வேறு பாக்டீரியாவிலிருந்து கொண்டுவந்து சேர்த்தும் பார்த்திருக்கிறார்கள்.

காற்றோட்டத்தைப் பெருக்குதல்: கலக்கியின் வேகத்தைக் கூட்டுவது, தூய ஆக்சிஜனைக் காற்றோடு கலப்பது, கலனின் அழுத்தத்தை உயர்த்துவது ஆகியவை ஆக்சிஜன் பற்றாக்குறையைப் போக்கும். ஆனால் மிகைவழிதலால் வரும் அசிட்டேட்டை இவற்றால் மட்டும் நிறுத்த முடியாது. அமிலம் சேர்கிறது என்றதும் காற்றைக் கூட்டுவதற்கு முன், கரைந்த ஆக்சிஜனின் அளவையும் எஞ்சியுள்ள குளுக்கோசின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் போதுமானதாக இருந்து குளுக்கோசும் மிகுந்திருந்தால், குறைக்க வேண்டியது ஊட்டத்தையே.

பெரிய கலன்களில் எழும் சிக்கல்

ஆய்வகத்தின் சில லிட்டர் கலனில் எல்லா இடமும் ஒரே சீராக இருக்கும். ஆயிரக்கணக்கான லிட்டர் கொண்ட தொழிற்சாலைக் கலனில் அப்படி இருப்பதில்லை. சர்க்கரைக் கரைசல் விழும் இடத்தில் குளுக்கோஸ் செறிவு மிகுதி. அங்குள்ள செல்கள் வேகமாகச் சுவாசிப்பதால் ஆக்சிஜன் குறைவு. அவ்விடத்தைக் கடக்கும் செல்கள் அசிட்டேட்டும் ஃபார்மேட்டும் வெளியிடும். கலனின் வேறு பகுதிக்குச் சென்றதும் அசிட்டேட்டின் ஒரு பகுதியை மீண்டும் உண்ணும். உணர்வி ஓரிடத்தில் இருப்பதால் அது காட்டும் அளவு கலன் முழுவதற்கும் பொருந்தாது. சிறு கலனில் வெற்றி பெற்ற முறை பெரிய கலனில் அதே விளைச்சலைத் தராமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இத்தகைய இடங்களில் பைருவேட் தேங்கும்போது நார்லூசின் என்னும் இயல்பற்ற அமினோ அமிலமும் உண்டாகலாம். மெத்தியோனினைப் போன்ற வடிவம் கொண்டிருப்பதால், அது மெத்தியோனின் இருக்க வேண்டிய இடத்தில் புரதத்துக்குள் நுழைந்துவிடும். அசிட்டேட் விளைச்சலைக் குறைக்கிறது. நார்லூசினோ மருந்துப் புரதத்தின் தூய்மையையே பாதிக்கிறது. மருந்தைப் பொறுத்தவரை இது கூடுதல் கவனத்துக்கு உரியது.

பிற பாக்டீரியாக்கள்

நொதிகளைத் தயாரிக்கப் பயன்படும் பேசில்லஸ் சப்டிலிஸ், குளுக்கோஸ் மிகும்போது அசிட்டேட்டோடு அசிட்டோயினையும் வெளியிடுகிறது. சமையலில் சுவைகூட்டியாகச் சேர்க்கும் குளுட்டமேட், 1957-இல் ஜப்பானில் அறிவிக்கப்பட்ட கோரினிபாக்டீரியம் குளுட்டாமிகம் என்னும் பாக்டீரியா வழியாக உற்பத்தியாகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அது குளுட்டமேட்டை விட்டு லாக்டேட், சக்சினேட் பக்கம் திரும்பும்.

தேவையற்றது என்பதன் பொருள்

துணைவிளைபொருளைத் தேவையற்றது என்பது நம் நோக்கத்தைப் பொறுத்தது. வினிகர் தயாரிப்பில் அசிட்டோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் காற்றுள்ள நிலையில் எத்தனாலை அசிட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அங்கே அதுதான் விளைபொருள். எத்தனால் தீர்ந்தபின் அசிட்டோபாக்டர் அந்த அமிலத்தையே கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் சிதைத்துவிடக்கூடும். எசரிக்கியா கோலையிடம் நாம் எதிர்பார்க்கும் முழு ஆக்சிஜனேற்றம், வினிகர் செய்பவருக்கு நட்டமாகிறது.

எசரிக்கியா கோலைக்கும் அசிட்டேட் முற்றிலும் கழிவு அன்று. குளுக்கோஸ் தீர்ந்தபின், அசிட்டைல் துணைநொதி ஏ சிந்தெட்டேஸ் என்னும் நொதியை உண்டாக்கி, தான் வெளியேற்றிய அசிட்டேட்டை அது மீண்டும் உணவாக்கிக்கொள்கிறது. உணவு மிகுந்தபோது விரைந்து பெருகி, குறைந்தபோது மிச்சத்தை உண்டு வாழ்வது குடலில் வாழும் ஓர் உயிருக்கு ஏற்ற முறையே. நொதிகலனில் மட்டும்தான் அது குறையாகத் தெரிகிறது. அதன் இயல்பை அறிந்து, அது முழுவதும் சுவாசித்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் சர்க்கரை கொடுக்கும் ஊட்டத்தொகுதி முறை, அதனாலேயே இன்றும் இத்தொழிலின் அடிப்படை முறையாக இருந்து வருகிறது.